கிளைபோசேட்டும் பாராகுவாட்டும்: ஒரே தீவின் இரண்டு தடைகள்

இலங்கை இரண்டு களைக்கொல்லிகளைத் தடைசெய்தது. பாராகுவாட்டை நிறுத்துவதென 2008-ல் முடிவெடுத்து, புட்டியில் இருக்கும் மருந்தின் செறிவை முதலில் குறைத்து, 2011-க்குள் கடைகளிலிருந்து அகற்றினார்கள். கிளைபோசேட்டை 2015-ல் ஒரேயடியாக நிறுத்தினார்கள். முதல் தடை இன்றும் நிற்கிறது. இரண்டாவது 2018-ல் தேயிலைக்கும் ரப்பருக்கும் தளர்த்தப்பட்டு, 2022-ல் முற்றாக விலக்கிக்கொள்ளப்பட்டது.

இவற்றில் நீண்டகால ஆரோக்கியத்தைக் காரணம் காட்டி வந்தது கவிழ்ந்துபோன தடைதான். நிலைத்துநின்ற தடைக்கு அந்தக் காரணமே தேவைப்படவில்லை. பாராகுவாட்டை விழுங்கியவர்கள் சில நாட்களிலேயே இறந்தார்கள்; இருபது வருடம் கழித்து என்ன ஆகும் என்று கேட்கும் அவசியம் யாருக்கும் எழவில்லை. களைக்கொல்லிகள் காலப்போக்கில் உடம்பை என்ன செய்கின்றன என்பதைத் தீர்ப்பது ஏன் இத்தனை கடினம் என்று அறிய, இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

பாராகுவாட் பழைய பொருள். 1882-லேயே ஆய்வகத்தில் உருவானது. 1930-களில் வேதியியலாளர்கள் நிறம் மாறும் காட்டியாக அதைப் பயன்படுத்தினார்கள். செடியைக் கருக்கும் குணத்தை பிரிட்டனின் ஐசிஐ நிறுவனம் 1955-ல் கண்டறிந்து, 1962-ல் கிராமக்சோன் என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. இலையில் ஒளிச்சேர்க்கை நடக்கும்போது ஓடும் எலக்ட்ரானை அது இடைமறித்துப் பிடுங்கி ஆக்சிஜனிடம் கொடுக்கிறது. அதில் பிறக்கும் சூப்பராக்சைடு உயிரணுவின் சவ்வுகளைச் சிதைக்கிறது. வெயிலில் அடித்தால் சில மணி நேரத்தில் இலை வாடத் தொடங்கிவிடும். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எலக்ட்ரானைக் கைமாற்றிய பிறகு பாராகுவாட் அழிவதில்லை, அடுத்ததை வாங்கத் தயாராக நிற்கிறது. இந்த வேலைக்குப் பச்சிலைதான் வேண்டும் என்பதும் இல்லை. எலக்ட்ரானும் ஆக்சிஜனும் புழங்கும் எந்த உயிரணுவும் போதும். மனித நுரையீரல் அதை வலிய இழுத்துத் தன்னிடம் சேர்த்துக்கொள்கிறது. முறிவு மருந்து கிடையாது. மூச்சுத் திணறுகிறவருக்கு ஆக்சிஜன் கொடுக்கவும் மருத்துவர்கள் தயங்குகிறார்கள், சேதம் கூடிவிடும் என்பதால்.

கிளைபோசேட்டின் வழி வேறு. மான்சாண்டோவின் வேதியியலாளர் ஜான் ஃபிரான்ஸ் 1970-ல் அதன் களைக்கொல்லும் திறனைக் கண்டுபிடித்தார். 1974-ல் ரவுண்டப் வந்தது. அது இலைவழி உள்ளே போய், வேர்வரை இறங்கி, ஷிகிமேட் பாதை என்னும் வேதி வழித்தடத்தின் ஒரு நொதியை முடக்குகிறது. சில அமினோ அமிலங்களைச் செய்ய முடியாமல் செடி நாட்கணக்கில் மஞ்சளித்துச் சாகிறது. கோரையையும் அருகையும் கிழங்கோடு ஒழிக்க அதனால் முடிவதற்கு இதுவே காரணம். மனிதருக்கும் விலங்குக்கும் அந்த வழித்தடம் இல்லை. விற்பனையாளர் சொல்லும் முதல் வாக்கியம் இது. பொய்யில்லை, ஆனால் முழுமையும் இல்லை. நம் குடலில் வாழும் பாக்டீரியாக்கள் பலவற்றுக்கு அந்தப் பாதை உண்டு. தவிரவும், ஒரு பொருள் ஒரே கதவு வழியாகத்தான் தீங்கு செய்ய வேண்டும் என்று விதி எதுவும் இல்லை.

அதிகாரபூர்வ எண்கள் இந்த வேறுபாட்டை அப்படியே காட்டுகின்றன. உலக சுகாதார நிறுவனமும் ஐநாவின் உணவு வேளாண்மை அமைப்பும் சேர்ந்து நடத்தும் எச்ச மதிப்பீட்டுக் குழு, வாழ்நாள் முழுவதும் தினமும் உட்கொண்டாலும் தீங்கில்லை என ஓர் அளவை வரையறுக்கிறது. கிளைபோசேட்டுக்கு அது உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1 மில்லிகிராம் வரை. பாராகுவாட்டுக்கு 0.005. இருநூறு மடங்கு இடைவெளி. இப்படிப்பட்ட எண்கள் பெரும்பாலும் ஒரே முறையில்தான் பிறக்கின்றன. எலி, சுண்டெலி, நாய் ஆகியவற்றுக்கு மாதக்கணக்கிலும் வருடக்கணக்கிலும் தீவனத்தில் கலந்து கொடுத்து, எந்த அளவில் எந்தக் கேடும் தென்படவில்லையோ அதை எடுத்து, வழக்கமாக நூறால் வகுக்கிறார்கள். விலங்கிலிருந்து மனிதருக்கு வர ஒரு பத்து, மனிதருக்கு மனிதர் உள்ள வேறுபாட்டுக்கு இன்னொரு பத்து. கணக்கு எளிமையானது. கேடு தென்பட்டதா இல்லையா என்று பார்ப்பவரின் கண்தான் எளிமையானதல்ல.

இதற்கு கிளைபோசேட்டின் கோப்பிலேயே நல்ல உதாரணம் கிடைக்கிறது. 1980-களின் தொடக்கத்தில் மான்சாண்டோ, அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையிடம் ஒரு சுண்டெலி ஆய்வைச் சமர்ப்பித்தது. குழுவுக்கு ஏறத்தாழ ஐம்பது ஆண் சுண்டெலிகள், நான்கு குழுக்கள். மருந்தே சாப்பிடாத குழுவிலும் குறைந்த அளவு சாப்பிட்ட குழுவிலும் சிறுநீரகக் கட்டி இல்லை. நடு அளவில் ஒன்று. தீவனத்தில் மூன்று சதவீதம் கலந்த உச்ச அளவில் மூன்று. இது அரிதான கட்டி. ஆகவே முகமை 1985-ல் கிளைபோசேட்டை மனிதருக்குப் புற்றுநோய் தரச் சாத்தியமுள்ள பொருள் என்று வகைப்படுத்தியது. நிறுவனம் ஒரு நோய்க்கூற்றியலாளரை அமர்த்தி, கண்ணாடித் துண்டங்களை மறுபடி பார்க்கச் சொன்னது. மருந்து சாப்பிடாத குழுவின் ஒரு சுண்டெலியிலும் கட்டி இருந்ததாக அவர் கண்டார். பூஜ்யம் ஒன்றானதும் புள்ளியியலின் தராசு சாய்ந்தது. மேலும் துண்டங்கள் வெட்டினார்கள், நிபுணர் குழு கூடியது, சச்சரவு ஆண்டுக்கணக்கில் நீண்டது. 1991-ல் அதே முகமை கிளைபோசேட்டை எதிர்முனைக்கே, புற்றுநோய் தராது என்பதற்குச் சான்றுள்ள பிரிவுக்கு, நகர்த்தியது. அந்தக் கட்டி இருந்ததா என்பதில் இன்றுவரை ஒருமித்த கருத்து இல்லை. கோடிக்கணக்கான ஏக்கரில் தெளிக்கப்படவிருந்த ஒரு பொருளின் வகைப்பாடு ஒரு சுண்டெலியின் சிறுநீரகத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது என்றால் மிகையில்லை. இதில் சூழ்ச்சி மட்டுமே உண்டென்று நினைப்பவர்களோடு நான் உடன்படவில்லை. ஐம்பது விலங்குகளை வைத்து அரிய நோயைத் தேடினால் ஒன்றுக்கும் பூஜ்யத்துக்கும் நடுவில்தான் எல்லாம் தொங்கும். அந்த இடத்தில் யார் பணம் கொடுத்து யார் பார்க்கிறார்கள் என்பதும் எடை பெற்றுவிடுகிறது.

2015 மார்ச்சில் லியோன் நகரில், உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை கூட்டிய 17 நிபுணர்கள் கிளைபோசேட்டை ‘மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் தரக்கூடும்’ என்ற 2ஏ பிரிவில் வைத்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அப்படி இருக்க வாய்ப்பில்லை என்றது. அடுத்த ஆண்டு எச்ச மதிப்பீட்டுக் குழுவும் உணவு வழியாக அந்த ஆபத்து இருக்க வாய்ப்பில்லை என்றது. ஒரே உலக சுகாதார நிறுவனத்தின் இரண்டு கைகள் இரண்டு விதமாக எழுதியதாகச் செய்திகள் வந்தன. உண்மையில் அவை வேறு வேறு கேள்விகளுக்கு எழுதப்பட்ட விடைகள். லியோன் குழு கேட்டது, இந்தப் பொருளுக்கு எந்த நிலையிலாவது புற்றுநோய் உண்டாக்கும் தன்மை இருக்கிறதா என்பது. எச்சக் குழு கேட்டது, சாப்பாட்டில் வரும் அளவு அதற்குப் போதுமா என்பது. லியோன் குழு பொதுவெளியில் வெளியான ஆய்வுகளைப் படித்தது. கடையில் விற்கும் கலவையை வைத்துச் செய்த சோதனைகளையும் கணக்கில் சேர்த்தது. ஒழுங்காற்று அமைப்புகள், நிறுவனங்கள் உரிமத்துக்காகச் செய்து கொடுத்த, பெரும்பாலும் வெளியாகாத ஆய்வுகளின்மேல் அதிகம் சாய்ந்தன. அவற்றில் சோதிக்கப்பட்டது தூய கிளைபோசேட். புட்டியில் இருப்பதோ, இலையில் ஒட்டுவதற்கான சோப்பு போன்ற துணைப்பொருட்களும் சேர்ந்தது. அவற்றில் கொழுப்பு அமீன் வகையைச் சேர்ந்த ஒன்றை கிளைபோசேட் கலவைகளில் சேர்க்கக் கூடாதென ஐரோப்பிய ஒன்றியம் 2016-ல் விலக்கியது.

மான்சாண்டோவின் நிழல் இதில் எவ்வளவு தூரம் விழுந்தது என்பது அதன்மேல் தொடுக்கப்பட்ட வழக்குகளில் வெளியான மின்னஞ்சல்களால் தெரியவந்தது. கிளைபோசேட் பாதுகாப்பானது என்று சொல்லி, 2000-ல் வெளிவந்து பலராலும் மேற்கோள் காட்டப்பட்ட ஒரு மதிப்பாய்வுக் கட்டுரையில் மான்சாண்டோ ஊழியர்களின் பங்கு மறைக்கப்பட்டிருந்ததாகக் குற்றச்சாட்டு எழுந்தது. கட்டுரையை இதழ் 2025-ல்தான் திரும்பப் பெற்றது. கால் நூற்றாண்டு அது மேற்கோள்களில் உயிரோடு இருந்தது.

பாராகுவாட்டின் நீண்டகாலச் சந்தேகம் சுண்டெலியில் தொடங்கவில்லை. 1982-ல் கலிபோர்னியாவில், சில இளைஞர்கள் உடம்பு இறுகி அசைய முடியாமல் மருத்துவமனைக்கு வந்தார்கள். முற்றிய பார்க்கின்சன் நோயின் எல்லா அறிகுறிகளும் இருந்தன; வயதோ இருபதுகளிலிருந்து நாற்பதுகளின் தொடக்கம்வரை. செயற்கை ஹெராயின் என்று நம்பி அவர்கள் ஊசி போட்டுக்கொண்டதில் எம்பிடிபி என்னும் கழிவுப்பொருள் கலந்திருந்ததை நரம்பியல் மருத்துவர் வில்லியம் லாங்ஸ்டன் குழு கண்டறிந்தது. மூளையில் அது எம்பிபி-பிளஸ் என்ற பொருளாக மாறி, டோபமைன் சுரக்கும் நரம்பணுக்களைக் கொல்கிறது. எம்பிபி-பிளஸின் வடிவம் பாராகுவாட்டுக்கு மிக நெருங்கிய உறவு. அதுவே ஒரு காலத்தில் களைக்கொல்லியாகப் பரிசோதிக்கப்பட்ட பொருள்தான். அதன்பிறகு பாராகுவாட்டை விட்டுவைப்பார்களா? பின்னாளைய ஆய்வுகள், இரண்டும் நரம்பணுவில் ஒரே வழியாக வேலை செய்யவில்லை என்று காட்டின. வடிவ ஒற்றுமை ஆராய்ச்சியாளர்களைச் சரியான வீட்டுக்குத் தவறான வாசல் வழியாக அழைத்துவந்தது என்று சொல்லலாம். பாராகுவாட்டின் கையில் அதன் பழைய ஆயுதமே இருந்தது: எலக்ட்ரானைப் பிடுங்கி ஆக்சிஜனிடம் கொடுக்கும் அந்த ஓயாத சுழற்சி.

ஆக, பாராகுவாட்டில் உடலுக்குள் நடக்கும் இயக்கம் தெளிவு, மனிதர்களில் நோய்க் கணக்குதான் தேவை. கிளைபோசேட்டில் நோய்க் கணக்கு முதலில் வந்தது, இயக்கம் மங்கல். இரண்டுக்கும் விடை தேடி உலகம் போன இடம் ஒன்றே. அமெரிக்காவின் அயோவா, வட கரோலினா மாநிலங்களில் 1993 முதல் 1997 வரை, பூச்சிமருந்து தெளிக்க உரிமம் பெற்ற ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட விவசாயிகளையும் தொழில்முறைத் தெளிப்பாளர்களையும் பதிவுசெய்து, இன்றுவரை பின்தொடரும் வேளாண் ஆரோக்கிய ஆய்வு அது. நோய் வருவதற்கு முன்பே என்ன மருந்து, எத்தனை நாள் என்று கேட்டுவைத்திருப்பதால் அதன் மதிப்பு பெரிது. நோய் வந்தபின் கேட்டால், நோயாளி தன் பழைய நாட்களில் குற்றவாளியைத் தேடத் தொடங்கிவிடுவார்.

2018-ல் கிளைபோசேட்டைப் பற்றி அந்த ஆய்வு சொன்னது: 54,251 பேரில் 44,932 பேர் அதைப் பயன்படுத்தியிருந்தார்கள், நான்-ஹாட்ஜ்கின் லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்றுநோய் அவர்களிடம் கூடுதலாக இல்லை. கட்சி கட்டியவர்களில் ஒரு பாதி இதோடு பேச்சை முடித்துக்கொண்டது. ஆனால் 2019-ல் இதையும் வேறு ஆய்வுகளையும் சேர்த்து, மிக அதிகமாகப் புழங்கியவர்களை மட்டும் எடுத்துப் பார்த்த ஒரு கூட்டாய்வு, அதே நோயின் ஆபத்து 41 சதவீதம் கூடுதல் என்றது. முரண்போலத் தெரிந்தாலும் இரண்டுமே தரவைக் கையாளும் விதத்தில் விளையக்கூடிய முடிவுகள்தான். 83 சதவீதம் பேர் பயன்படுத்திய பொருளுக்கு, பயன்படுத்தாத ஒப்பீட்டாளர் சிலரே மிஞ்சுகிறார்கள். பின்தொடர் கேள்வித்தாளுக்கு மூன்றில் ஒருவருக்கு மேல் பதிலளிக்கவில்லை. அவர்களின் பயன்பாட்டைப் புள்ளியியல் முறையில் ஊகித்து நிரப்பினார்கள். பதிவு நடந்துகொண்டிருந்த 1996-ல்தான் ரவுண்டப்பைத் தாங்கும் சோயா வந்தது, பயன்பாடு பன்மடங்கு பெருகியது.

பாராகுவாட்டிலோ அதே ஆய்வு தன்னோடு தானே மோதுகிறது. 2011-ல், இப்படிப் பதிவுசெய்யப்பட்டவர்களிடையே பார்க்கின்சன் வந்த 110 பேரைத் தேடிப்பிடித்து, மருத்துவர்கள் நேரில் பரிசோதித்து, நோயற்ற 358 பேரோடு ஒப்பிட்டார்கள். பாராகுவாட் பயன்படுத்தியவர்களுக்கு ஆபத்து இரண்டரை மடங்கு. 2020-ல் முழுக் கூட்டத்தையும் எடுத்துப் பார்த்தபோது அப்படி ஒட்டுமொத்தத் தொடர்பு தெரியவில்லை. தலையில் அடிபட்ட வரலாறு உள்ளவர்களிடம் மட்டும் கூடுதல் தெரிந்தது. எதை நம்புவது? முந்தையதில் நோய்கண்டறிதல் துல்லியம், ஆள் குறைவு. பிந்தையதில் ஆள் அதிகம், ஆனால் பார்க்கின்சன் புற்றுநோயைப்போலப் பதிவேட்டில் ஒழுங்காக விழும் நோய் இல்லை. அமெரிக்க முகமை 2021-ல் தொடர்பை நிறுவச் சான்று போதாது என்று எழுதிப் பயன்பாட்டைத் தொடரவிட்டது. சான்று போதாது என்பதை எத்தனை பேர் ‘தீங்கில்லை’ என்று வாசித்திருப்பார்கள் என்று எண்ணிப்பார்க்கலாம்.

ஐரோப்பா அதே கோப்பை வேறு விதமாகப் படித்தது. 2003-ல் ஐரோப்பிய ஆணையம் பாராகுவாட்டுக்கு அனுமதி தந்ததும், ஏற்கெனவே அதைத் தடைசெய்திருந்த ஸ்வீடன் வழக்குப் போட்டது. 2007 ஜூலையில் நீதிமன்றம் அனுமதியை ரத்துசெய்தது. பார்க்கின்சனோடு தொடர்பு குறித்த ஆராய்ச்சிகளை ஆணையம் எடைபோடவே இல்லை என்பது ஒரு காரணம். இன்னொன்று எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிறது. குவாத்தமாலாவில், முதுகில் சுமக்கும் தெளிப்பானோடு வேலை செய்தவர்களிடம் எடுத்த அளவீடு கோப்பிலேயே இருந்தது. பரிந்துரைத்தபடி பயன்படுத்தியும் குறைந்தது ஒரு தொழிலாளியின் உடம்பில் சேர்ந்த அளவு, தெளிப்பவருக்கான வரம்பைத் தாண்டியிருந்தது. ஆக, நோய் வந்ததா என்று முப்பது வருடம் காத்திருக்காமலே, வரம்புக்குள் வேலை செய்ய முடிகிறதா என்று ஒரே நாளில் பார்த்துவிட முடிந்திருக்கிறது.

அயோவாவின் பெருநிலக்காரர் டிராக்டரின் மூடிய அறைக்குள் உட்கார்ந்து அடிக்கிறார். தேயிலைத் தோட்டத்தில் மருந்தடிக்கிறவரின் முதுகில் பதினாறு லிட்டர் டேங்க், மூடியில் கசிவு, சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருக்கும். மேட்டில் ஏறும்போது முன்னால் அடித்த இலையை முழங்காலால் விலக்கிக்கொண்டுதான் போக வேண்டும். ஒரே நாளில் இரண்டு மூன்று மருந்தைக் கலந்து அடிப்பதும் உண்டு. பெயர் கேட்டால் ‘புல்லு மருந்து’ என்பார், அவ்வளவுதான். இருபது வருடம் கழித்து அவருக்குக் கை நடுங்கினாலோ நிணநீர்க் கட்டி வந்தாலோ, எதை எவ்வளவு அடித்தார் என்பதற்கான ஏடு எங்கும் இல்லை. அயோவாவின் ‘தொடர்பில்லை’ இவருக்கும் பொருந்தும் என்று சொல்பவர்கள், அளவுதான் நஞ்சைத் தீர்மானிக்கிறது என்ற தங்கள் சொந்த விதியையே மறந்துவிடுகிறார்கள்.

இலங்கையின் இரண்டாவது தடைக்கு வருகிறேன். வடமத்திய மாகாணத்தில், அநுராதபுரம், பதவியா, மதவாச்சிப் பகுதி நெல் விவசாயிகளிடையே 1990-களிலிருந்து காரணம் தெரியாத சிறுநீரக நோய் பரவியது. 2014-ல் ஆய்வாளர் சன்ன ஜயசுமன முதலானோர் ஒரு கருதுகோளை முன்வைத்தார்கள்: கடினநீரின் கால்சியமும் ஆர்செனிக் போன்ற உலோகங்களும் கிளைபோசேட்டோடு பிணைந்து சிறுநீரகத்துக்குப் போகின்றன என்று. நோயாளிகளிடம் அளந்து வந்த முடிவல்ல அது. ஆராயத்தக்க ஓர் ஊகம். நீர் கடினமாயிருந்தும் நோய் பரவாத வடக்கை அவர்கள் சுட்டிக்காட்டினார்கள், போர்க்காலத்தில் அங்கே வேளாண் இரசாயனங்களுக்குக் கட்டுப்பாடு இருந்தது என்று. புத்திசாலித்தனமான கவனிப்புதான். ஆனால் போர்க்காலத்து வடக்கில் வேறுபட்டிருந்தது களைக்கொல்லி மட்டுமா? மத்திய அமெரிக்கக் கரும்புத் தோட்டங்களிலும் ஆந்திரத்தின் உத்தானத்திலும் இதே போன்ற நோய் இருக்கிறது. கரும்பு வெட்டுபவர்களிடம் வெயிலும் நீர் வற்றிய உடம்பும் முக்கிய சந்தேகம். அமெரிக்க அறிவியல் முன்னேற்றச் சங்கம் 2019-ல் ஜயசுமனவுக்கும் உடனாய்வாளர் சரத் குணதிலகவுக்கும் ஒரு விருதை அறிவித்து, விஞ்ஞானிகளிடமிருந்து எதிர்ப்பு வந்ததும் நிறுத்திவைத்தது.

ஊகம் தடையாவதற்கு அரசியல் போதுமானதாயிருந்தது, தடையைத் தாங்கிப் பிடிக்கத்தான் எதுவும் இல்லை. மலையகத் தோட்டங்களில் புல் வெட்ட ஆளில்லை. கிளைபோசேட் போன இடத்தில் எம்சிபிஏ என்னும் வேறொரு களைக்கொல்லி வந்தது, ஜப்பானுக்குப் போன தேயிலையில் அதன் எச்சம் வரம்பை மீறிச் சிக்கலானது. நீண்டகாலப் பாதுகாப்பைப் பேசுகிறவர்கள் வழக்கமாக விட்டுவிடும் கணக்கு இது. ஒன்றை எடுத்தால் வெற்றிடம் வருவதில்லை, இன்னொன்று வருகிறது, அதைப் பற்றிய கோப்பு இன்னும் மெலிதாக இருக்கும். பாராகுவாட்டில் அந்தப் பயம் பலிக்கவில்லை. அதையும் வேறு நஞ்சுகளையும் நிறுத்தியதால் விளைச்சல் குறைந்ததாக ஆய்வுகள் காணவில்லை. 1995-ல் லட்சத்துக்கு 47 ஆக இருந்த தற்கொலை விகிதம், கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாக விலக்கியதோடு சேர்ந்து, இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காக இறங்கியது. பார்க்கின்சன் சந்தேகத்தில் உண்மை இருந்தால் அந்த நன்மையும் செலவில்லாமல் கூடவே வந்திருக்கும்.

என் கணிப்பு இரண்டுக்கும் ஒன்றல்ல. கிளைபோசேட்டில், உணவில் வரும் எச்சத்தை எண்ணித் தூக்கம் கெட வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன். கிடைத்திருக்கும் சான்று அந்தப் பக்கம்தான் கனக்கிறது. தெளிப்பவரின் உடம்பைப் பற்றி அப்படிச் சொல்ல மாட்டேன், நம் தெளிப்பவரை யாரும் எண்ணவில்லை என்பதால். பாராகுவாட்டில் பார்க்கின்சன் விவாதம் முடியட்டும் என்று காத்திருப்பதே தவறு. வரம்புக்கும் வேலைக்கும் நடுவே இடைவெளி இல்லாத பொருளுக்கு நீண்டகாலச் சான்று கேட்பது, அதைத் தள்ளிப்போடும் வழியாகத்தான் பயன்பட்டிருக்கிறது. ஸ்விட்சர்லாந்து 1989-லேயே நிறுத்தியது. தாய்லாந்தும் பிரேசிலும் 2020-ல் நிறுத்தின.

இந்தியாவில் கேரளம் பாராகுவாட்டை 2011-ல் விலக்கியது. 2019-ல் கிளைபோசேட்டையும் நிறுத்தியது. ஒன்றிய அரசு 2022 அக்டோபரில் ஓர் ஆணை போட்டது: பூச்சிக் கட்டுப்பாட்டு உரிமம் பெற்றவர்கள் மட்டுமே கிளைபோசேட்டைத் தெளிக்கலாம். இருநூறு மடங்கு குறைந்த வரம்புள்ள பாராகுவாட்டுக்கு அப்படி ஒரு நிபந்தனையைக்கூட அந்த ஆணை விதிக்கவில்லை.